ஸ்டர்ஜன் மீனை வீட்டில் சமைப்பது: அறுப்பது முதல் பரிமாறுவது வரை (விவாத இழை)

நீர்க்குமிழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்ணையில் வளர்த்த முழு ஸ்டர்ஜன் மீன் ஒன்று, ஏறத்தாழ நான்கு கிலோ எடையில், குடல் நீக்கப்பட்டு, தலையோடும் தோலோடும் எனக்குக் கிடைத்திருக்கிறது. இந்த மீனின் சினையான கேவியரைப் பற்றி எழுதுவோர் ஏராளம். சதையைப் பற்றி எழுதுவோர் குறைவு, எழுதிய சிலரும் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். தோலை உரித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். தோலோடு சுட்டால்தான் சதை உலராது என்கிறார் இன்னொருவர். கிடைத்த அன்றே சமைத்துவிட வேண்டுமா, ஓரிரு நாள் குளிரில் வைத்திருக்க வேண்டுமா என்பதிலும் ஒற்றுமை இல்லை. முதுகின் உள்ளே ஓடும் நாண் ஒன்றை உருவி எடுத்தாக வேண்டும் என்றும் படித்தேன்.

சாதாரண மீன்களை ஆய்ந்து சமைத்துப் பழக்கம் உண்டு. செதிலே இல்லாமல், முதுகிலும் விலாவிலும் கூரிய தகடுகளை அடுக்கிக்கொண்டு கிடக்கும் இந்த மீனை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் புரியவில்லை. கையாண்டு பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உப்புக்கல் எழுதியது:

வணக்கம் நீர்க்குமிழி. முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஸ்டர்ஜனை மீனாக நினைத்துச் சமைப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அதன் சதை இதழ் இதழாகப் பிரியாது. இறுக்கமாக, இளங்கன்றின் இறைச்சியைப்போல ஒரே கட்டாக நிற்கும். உள்ளே முள்ளும் கிடையாது, முதுகெலும்பும் கிடையாது. எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹட்சன் ஆற்றங்கரை நகரங்களில் இந்தச் சதையை 'அல்பனி மாட்டிறைச்சி' என்று கேலியும் உரிமையுமாக அழைத்தார்கள் என்றால், அதன் தன்மை எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே இறைச்சிக்குக் காட்டும் பொறுமையை அறுக்கும்போதும், மீனுக்குக் காட்டும் மென்மையை அடுப்பிலும் காட்ட வேண்டும்.

அறுக்கும் முறைக்கு வருகிறேன். தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உடலில் ஐந்து வரிசைகளாக எலும்புத் தகடுகள் உள்ளன: முதுகில் ஒன்று, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு, வயிற்றோரங்களில் இரண்டு. வளர்ந்த மீனில் அவை சற்று மழுங்கியிருக்கும்; இளம் மீனில் கையைக் கிழித்துவிடும். முதலில் கல்லுப்பை அள்ளி உடல் முழுவதும் தேய்த்துக் கழுவினால் வழவழப்பு நீங்கும். பிறகு மெல்லிய, வளையக்கூடிய கத்தியால் வாலிலிருந்து தலையை நோக்கி, தகட்டு வரிசையின் அடியில் தோலோடு சேர்த்துப் பட்டையாக அறுத்தெடுங்கள். முதுகு வரிசையில் தொடங்குவது எளிது. பக்கத் தகடுகள் பிடிவாதம் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் கொதிநீரை ஊற்றி உடனே குளிர்நீரில் நனையுங்கள், தகடுகள் தளர்ந்துவிடும். கொதிநீரை நெடுநேரம் ஊற்றினால் தோலுக்கடியில் உள்ள சதை வெந்து வெளிறிப்போகும்.

அடுத்தது முதுகுநாண். வாலுக்குச் சற்று மேலே, சதையையும் குருத்தெலும்பையும் வளையமாகக் கீற வேண்டும். நடுவில் ஓடும் நாணை மட்டும் வெட்டிவிடக் கூடாது. பிறகு வால் துண்டை முறுக்கி நிதானமாக இழுத்தால், சுருக்குப்பையின் நாடாவை உருவுவதைப்போல, வெண்மையான, பளபளப்பான, கொழகொழத்த நாண் நீளமாக வெளியே வரும். இடையில் அறுந்துவிட்டாலும் கவலை வேண்டாம். குறுக்குத் துண்டுகள் போட்டபின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் விரலால் தள்ளி எடுத்துவிடலாம். இதை நீக்குவதற்குக் காரணங்கள் இரண்டு. மற்ற பகுதிகளைவிட இது விரைவில் கெடும். முழு மீனாக வேகவைக்கும்போது உப்பி, உடைந்து, மீனின் வடிவத்தைக் குலைக்கும். நஞ்சு என்று சிலர் எழுதுவது மிகை. ரஷ்யாவில் இதையே கழுவி, உலர்த்தி, 'வியாஸிகா' என்ற பெயரில் அடுக்குப் பணியாரங்களுக்குள் வைத்துச் சமைத்திருக்கிறார்கள்.

தோலை உரித்தபின் சதையின் மேல் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, மஞ்சள் நிறக் கொழுப்பு. மற்றொன்று, பக்கவாட்டில் நீளமாக ஓடும் கருஞ்சிவப்புத் தசை. இரண்டையும் தயங்காமல் சீவி எறியுங்கள். இந்த மீனின் கடுஞ்சுவை முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது. சீவியபின் எஞ்சும் சதை தந்த நிறத்தில், ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும்.

வெண்கலப்பானை எழுதியது:

உப்புக்கல் அவர்கள் அறுக்கும் முறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் கிடைத்த அன்றே சமைக்கலாமா என்ற கேள்விக்கு விடை வரவில்லை. எந்த மீனாக இருந்தாலும் புதிதாக இருக்கும்போதே சமைப்பதுதான் சிறப்பு என்று நம்புகிறவன் நான். இறைச்சியைப்போல நாள் கணக்கில் வைத்திருக்கும் இந்தப் பழக்கம் உணவகங்கள் கிளப்பிவிட்ட பகட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உப்புக்கல் எழுதியது:

பகட்டு இல்லை ஐயா, தசையின் இயல்பு. அன்றே கொன்ற ஸ்டர்ஜனின் துண்டைச் சூடான சட்டியில் இட்டுப் பாருங்கள்: ஓரங்கள் மேலே சுருண்டு, நடுப்பகுதி குமிழ்ந்து, துண்டு கண்ணெதிரே குறுகும். கடித்தால் இரப்பராக இருக்கும். மீன் இறந்தபின் ஏற்படும் விறைப்பு முழுவதும் தளர்ந்தபிறகே சதை மென்மை பெறும். சிறிய மீன்களில் இது விரைவில் நடந்து முடிந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. இவ்வளவு இறுகிய சதையுள்ள பெரிய மீனில் அதற்குக் கால அவகாசம் தேவை.

குடலும் செவுளும் நீக்கிய மீனை, நீர் தேங்காத தட்டில், பனிக்கட்டிக்கு நெருங்கிய குளிரில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். செவுளை எடுக்காமல் வைத்தால் நீங்கள் அஞ்சுவது நடக்கும். கெடுதல் அங்கிருந்துதான் தொடங்கும். மீன் எப்போது கொல்லப்பட்டது என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இரண்டு நாள் பயணப்பட்டு வந்த மீனை மேலும் காக்கவைப்பதில் பொருளில்லை.

கரைமணல் எழுதியது:

சமையல் பேச்சுக்கு நடுவே இதைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீர்க்குமிழி 'பண்ணையில் வளர்த்த' என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொற்கள் இல்லாதிருந்தால் இந்த இழையில் நான் வேறு தொனியில் எழுதியிருப்பேன். ஸ்டர்ஜன் வகைகள் அனைத்தும் 1998 முதல் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் உள்ளன. 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மறுமதிப்பீடு செய்தபோது, ஸ்டர்ஜன்களும் அவற்றின் உறவான துடுப்புமீனும் சேர்ந்து எஞ்சியுள்ள 26 இனங்களும் அழிவு அபாயத்தில் இருப்பதாக அறிவித்தது. யாங்சி ஆற்றின் துடுப்புமீன் அற்றுப்போய்விட்டதாக அதே ஆண்டு உறுதிசெய்யப்பட்டது. நூறாண்டுகூட வாழக்கூடிய மீன்கள் இவை. முதல்முறை சினை வைக்கவே பல இனங்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அந்த வயதுக்கு முன்பே வலையில் விழுந்தால், பிடிப்பதை நிறுத்திய பிறகும் கூட்டம் மீள்வதற்குப் பல தலைமுறைக் காலம் தேவைப்படும். அணைகள் ஆற்றுப் பாதையை மறித்தது இன்னொரு பெருங்காரணம்.

கேவியர் டப்பாவின் மேல் இனம், நாடு, பண்ணையா ஆறா என்பதையெல்லாம் குறிக்கும் பன்னாட்டுச் சீட்டு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. சதைக்கு அப்படி ஒரு சீட்டு இல்லை. ருமேனியா 2006இலேயே ஸ்டர்ஜன் பிடிப்பைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றின் கீழ்ப்படுகை நாடுகளில் திரட்டிய 149 மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றில் பிடித்த மீனிலிருந்து வந்தவை என்று மரபணுவும் ஐசோடோப்புச் சோதனையும் காட்டின. சில மாதிரிகளில் ஸ்டர்ஜனே இல்லை. ஸ்டர்ஜன் சூப் என்று பரிமாறப்பட்டதில் கெளுத்தியும் நைல் பெர்ச்சும் இருந்தன. எனவே பண்ணையின் பெயரைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் இந்த மீனை வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

வெண்கலப்பானை எழுதியது:

கரைமணல் சொல்வது நியாயம். ஆனால் துண்டுகளாக வெட்டி விற்கும்போது அது ஸ்டர்ஜன்தானா என்பதையே எப்படி அறிவது? கெளுத்தியைக் கொடுத்துவிட்டால் சமைத்தபிறகுதானே தெரியும்?

கரைமணல் எழுதியது:

குறுக்குத் துண்டாக இருந்தால் நடுவைப் பாருங்கள். எலும்புக் கணு இருந்தால் அது ஸ்டர்ஜன் இல்லை. ஸ்டர்ஜனில் நடுவே குருத்தெலும்பு வளையமும், நாண் இருந்த இடத்தில் வட்டமான துளையும் இருக்கும். தோல் இருந்தால் தகடுகளோ, தகடு அறுத்தெடுத்த தழும்புகளோ தெரியும். தோல் உரித்துச் சிறு துண்டங்களாக்கி விற்றால் கண்ணால் சொல்வது கடினம். ஆகவே அப்படி வாங்காதிருப்பதே மேல்.

பண்ணை மீன் எப்படி இறைச்சிக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேவியர் பண்ணைகளில் குஞ்சுகளின் பாலினம் வெளித்தோற்றத்தில் தெரியாது. மூன்று நான்கு வயதில் அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்துப் பெண்களைச் சினைக்காக ஒதுக்கிவிட்டு, ஆண்களை இறைச்சிக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இளம் ஆண் மீன்தான். அவற்றைத் தின்பதால் ஆற்றில் ஒரு மீனும் குறையப்போவதில்லை.

நீர்க்குமிழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பண்ணையின் பெயரும் அறுத்த தேதியும் பொதியிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. வெள்ளை ஸ்டர்ஜன் என்று இனத்தையும் குறித்திருக்கிறார்கள். மீனை மூக்கருகில் கொண்டுவந்தால் லேசான மண்வாடை அடிக்கிறது. அழுகல் வாடை இல்லை. இது இயல்பா? பாலில் ஊறவைத்தால் போகும் என்று ஓரிடத்தில் பார்த்தேன்.

தெளிநீர் எழுதியது:

நீர்வாழ் உயிரி வளர்ப்புத் துறையில் இருப்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின், மெத்தில் ஐசோபோர்னியால் என்னும் இரண்டு சேர்மங்கள். நீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் இவற்றை உண்டாக்குகின்றன. மழை பெய்தவுடன் மண்ணிலிருந்து எழும் வாசனையும் இதே ஜியோஸ்மின்தான். அங்கே மகிழ்கிற மூக்கு தட்டில் முகஞ்சுளிக்கிறது. மனித மூக்கு இதை மிக மிகச் சிறிய அளவிலும் கண்டுகொள்ளும். செவுள் வழியே உடலில் புகுந்து கொழுப்பில் தங்கிவிடும் பொருள் என்பதால், நல்ல பண்ணைகள் அறுப்பதற்கு முன் மீனைப் பல நாள் தீனியின்றித் தூய ஓடுநீரில் விட்டுவைக்கின்றன. அந்தக் கட்டத்தைச் சுருக்கிய பண்ணையின் மீனில்தான் வாடை மிஞ்சும். இதனால் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை.

பால் குறித்து எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வாடை கொழுப்பில் இருப்பதால் கொழுப்பைச் சீவுவதே முதல் மருந்து. வயிற்றுக்குழியில் மஞ்சள் கொழுப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதையும் விடாமல் சுரண்டி எடுங்கள். இரண்டாவது மருந்து புளிப்பு: எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஜியோஸ்மினை வாடையற்ற பொருளாக மாற்ற உதவும். சமைப்பதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் தடவினால் போதும். நெடுநேரம் ஊறினால் சதையின் மேற்புறம் வெளுத்து, சுண்ணாம்பைப்போலப் பொடிப்பொடியாகும்.

ஆற்று மீனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நெடுங்காலம் வாழ்ந்து அடிமண்ணில் மேயும் மீன் என்பதால், மாசுபட்ட நீரில் பாதரசமும் பிசிபி போன்ற வேதிப்பொருள்களும் அதன் உடலில் சேரும். கொழுப்பைச் சீவினால் பிசிபி குறையும். பாதரசம் தசையிலேயே கலந்திருப்பதால் குறையாது. கட்டுப்பாட்டோடு தீனி கொடுத்து வளர்த்த இளம் பண்ணை மீனில் இந்தக் கவலை குறைவு.

செங்கனல் எழுதியது:

இனி அடுப்புக்கு வருவோம். என் கருத்தில் இந்த மீனுக்கு முதல்முறை செய்ய வேண்டியது சட்டி வறுவல்தான். மசாலாவும் குழம்பும் பிறகு வரட்டும். சதையின் இயல்பான சுவையை ஒருமுறையாவது தனியாக அறிந்துகொள்ள வேண்டும்.

முந்தைய இரவே ஒரு கிலோ சதைக்கு 15 கிராம் கணக்கில் உப்புத் தூவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று சென்டிமீட்டர் கனத்தில் துண்டுகள் இருப்பது நல்லது. மெல்லிய துண்டு நிறம் பிடிப்பதற்குள் உள்ளே உலர்ந்துவிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கனமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மிதமான தீயில் இடுங்கள். துண்டின் பக்கவாட்டைக் கவனித்தால், அடியிலிருந்து வெண்மை ஏறிவருவது கோடுபோலத் தெரியும். அந்தக் கோடு பாதி உயரத்தை எட்டும் முன்பே திருப்பிவிட வேண்டும். திருப்பியதும் ஒரு கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல். வெண்ணெய் நுரைத்து அடங்கும்போது அதைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். சதையின் மேல் வெண்ணிறப் புரத முத்துகள் அரும்பத் தொடங்கினால் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அவை கொத்துக்கொத்தாகத் திரண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: நான் நடுப்பகுதி 57 டிகிரி செல்சியஸை எட்டும்போது இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுகிறேன். சூடு தானாக இன்னும் சில டிகிரி ஏறும்.

தெளிநீர் எழுதியது:

செங்கனல் அவர்களின் 57 டிகிரி சுவைக்குச் சரி. ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கருவுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் பரிமாறும்போது 63ஐ விட்டு இறங்காதீர்கள். மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் ஸ்டர்ஜன் அந்த வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். அதற்கு மேல் போகும்போதுதான் அது மரக்கட்டைபோல் இறுகிப்போகிறது.

செங்கனல் எழுதியது:

ஏற்கிறேன். விருந்தினர் யார் என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கரி நெருப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மீனுக்கென்றே பிறந்த சமையல் அதுதான் என்பது என் துணிபு. பெரும்பாலான மீன்களைக் கம்பியில் குத்திச் சுட்டால் சதை உதிர்ந்து நெருப்பில் விழும். ஸ்டர்ஜன் இறைச்சியைப்போலக் கம்பியைக் கவ்விக்கொண்டு நிற்கும். காஸ்பியன் கடலோர நாடுகளில், குறிப்பாக அசர்பைஜானில், இதைக் கம்பியில் சுட்டு, காய்ச்சி இறுக்கிய மாதுளைச் சாறான நர்ஷராபுடன் பரிமாறுவது பேர்பெற்ற உணவு. நான்கு சென்டிமீட்டர் கட்டங்களாக வெட்டி, வெங்காயச் சாறு, உப்பு, மிளகு, சிறிது எண்ணெய் ஆகியவற்றில் இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். குங்குமப்பூவை வெந்நீரில் கரைத்து, சுடும்போது மேலே தடவினால் நிறமும் மணமும் கூடும். கரி சாம்பல் பூத்தபிறகே கம்பிகளை வைக்க வேண்டும். தழல் எழும் நெருப்பில் வைத்தால் எஞ்சிய கொழுப்பு பற்றிக்கொண்டு கசப்பேறும். மாதுளையின் புளிப்பும் துவர்ப்பும் அந்தக் கொழுமையை அறுப்பதை நாக்கு உடனே உணரும். எலுமிச்சை இதற்கு ஈடாகாது.

தோல் உரிப்பதா வேண்டாமா என்ற விவாதத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பெரிய சதைப்பாளமாகக் கம்பிவலையில் சுடுவதானால் தோலை அடியில் விட்டுவிடுங்கள். அது கவசமாக நின்று சதையைக் காக்கும், வெந்தபின் ஒரே இழுப்பில் கழன்றுவரும். சட்டியிலோ குழம்பிலோ இடுவதானால் உரித்துவிட வேண்டும். சுறாத்தோலைப்போல இறுகிக்கொள்ளும் அதை யாரும் மெல்ல முடியாது.

வெண்கலப்பானை எழுதியது:

தலையை என்ன செய்வது என்று எவரும் சொல்லவில்லை. நான்கு கிலோ மீனில் தலையே கணிசமான எடை இருக்குமே? தூக்கி எறிய மனம் வராது.

உப்புக்கல் எழுதியது:

எறியவே கூடாது. இந்த மீனில் எனக்கு மிகவும் பிடித்தது தலை ரசம்தான், வறுவல்கூட இரண்டாம் இடமே. சாதாரண மீன் முள்ளை அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் சாறு கசக்கும். ஸ்டர்ஜனின் தலையோ குருத்தெலும்பால் ஆனது என்பதால், ஒன்றரை மணி நேரம் வரை சிறு தீயில் கிடந்து தன்னிடமுள்ள பசையை மெதுவாக விடும். செவுள்களை முற்றிலும் வெட்டி எறியுங்கள். தலையை இரண்டாகப் பிளந்து, குருதிக் கட்டிகளைக் கழுவி, குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றுங்கள். நுரை மேலெழும் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். வெங்காயம் ஒன்றை முழுதாக, கேரட் ஒன்று, மிளகு, பிரிஞ்சி இலை, அவ்வளவு போதும். ஒருபோதும் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், சாறு கலங்கிவிடும். வடிகட்டியபின் மேற்பரப்பில் அம்பர் நிறத்தில் சிறு கொழுப்புப் பொட்டுகள் மிதக்கும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் அந்தச் சாற்றில் சதைத் துண்டுகளையும் வெந்த உருளைக்கிழங்கையும் இட்டு, இறக்கும்போது சதகுப்பை இலையைத் தூவுங்கள். வோல்கா கரையில் ஸ்டெர்லெட் என்னும் சிறிய ஸ்டர்ஜன் இனத்தைக் கொண்டு வைக்கும் 'உகா' இதன் உயர்ந்த வடிவம். அவர்கள் முதலில் மலிவான சிறுமீன்களில் சாறெடுத்து வடித்துவிட்டு, அதில் ஸ்டெர்லெட்டை வேகவைப்பார்கள்.

தலையின் குருத்தெலும்பு மென்மையாகிவிட்டால் அதையும் உண்ணலாம். கன்னச் சதையைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்தவருக்கே உரிய பங்கு அது.

செங்கனல் எழுதியது:

புகையூட்டல் பற்றி ஒருவரும் தொடவில்லையே? கொழுப்புள்ள வால்பகுதியையும் வயிற்றுப் பட்டையையும் சட்டியில் இடுவது வீண். அவை புகைக்கே ஏற்றவை. ஒரு லிட்டர் நீருக்கு 70 கிராம் உப்பு கலந்து ஓர் இரவு ஊறவைத்து, மேற்பரப்பு தொட்டால் ஒட்டும் அளவுக்குக் குளிர்பதனப் பெட்டியில் உலர்த்தி, ஆப்பிள் அல்லது ஆல்டர் கட்டையின் வெம்புகையில் வைக்கலாம். முதலில் குறைந்த சூடு, பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும். தொடக்கத்திலேயே சூட்டைக் கூட்டினால் புரதம் வெளியே வழிந்து திட்டுத்திட்டாகக் காயும்.

தெளிநீர் எழுதியது:

இந்த இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. புகையூட்டிய மீனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் 'E' வகை வளர வாய்ப்புண்டு. காற்றில்லாத இடத்தில், 3.3 டிகிரி அளவுக்கான குளிரில்கூட அது பெருகும். நிறமோ வாடையோ மாறாமலே நஞ்சு உருவாகலாம். எனவே வெம்புகையில் சதையின் உட்பகுதி 63 டிகிரியை எட்டி அரை மணி நேரமாவது அங்கே நிற்க வேண்டும். வீட்டில் புகையூட்டியதை வெற்றிடப் பொதியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். சில நாள்களில் உண்டு முடியுங்கள், அல்லது உறையவையுங்கள். உறைந்த வெற்றிடப் பொதியை உருக்கும்போது முதலில் பொதியைக் கிழித்துவிட வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை.

சதை வேகாத குளிர்புகை முறையிலோ பச்சையாகவோ உண்ண விரும்புவோருக்கு: ஒட்டுண்ணிகளை அழிக்க −20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். பல வீட்டு உறைபெட்டிகள் −18 டிகிரிக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஐயமிருந்தால் வேகவைத்தே உண்ணுங்கள்.

நீர்க்குமிழி எழுதியது:

இன்று மீனை அறுத்தேன். உப்புத் தேய்த்ததும் கழுவும் நீர் சாம்பல் நிறமாகிக் கெட்டிப்பட்டது. இரண்டாம் முறை தேய்த்தபிறகே தோல் கைக்கு அடங்கியது. நாண் பாதியில் அறுந்தது, மீதியைத் துண்டு துண்டாகத் தள்ளி எடுத்துவிட்டேன். சிவப்புத் தசையைச் சீவும்போது மண்வாடை எங்கிருந்து வருகிறது என்பது கையிலேயே தெரிந்தது: சீவிய குவியலில் வாடை, பலகையில் எஞ்சிய சதையில் ஏறக்குறைய இல்லை. நடுத்துண்டுகளை உப்பிட்டு வைத்திருக்கிறேன், தலை அடுப்பில் இருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். இவ்வளவு சதையையும் ஒரே நாளில் உண்ண முடியாது. சமைத்தது மிஞ்சினால் மறுநாள் சூடாக்கலாமா? சீவிய கொழுப்புக்கு ஏதேனும் பயன் உண்டா?

உப்புக்கல் எழுதியது:

கொழுப்பை எறிந்துவிடுங்கள், சேமிக்கத் தகுந்ததில்லை. சமைக்காத சதையை ஒரு வேளைக்கான அளவில் பிரித்து, காற்றுப் புகாமல் சுற்றி இன்றே உறையவைத்துவிடுங்கள். உறைந்து மீண்டும் உருகினாலும் இந்தச் சதை தன் கட்டை இழப்பதில்லை.

சமைத்தது மிஞ்சினால் சூடாக்க வேண்டாம். இரண்டாம் முறை நெருப்பைக் கண்டால் நார்நாராக இறுகிவிடும். குளிர்ந்த நிலையில் மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாருங்கள், இறைச்சியைப்போலவே சுத்தமாக வெட்டுப்படும். தலைச் சாற்றில் ஒரு பங்கை உப்புச் சரிபார்த்து வடிகட்டி வைத்திருந்தால், ஒரு தட்டில் சீவல்களைப் பரப்பி, அந்தச் சாற்றை மேலே ஊற்றிக் குளிரில் வையுங்கள். ஜெலட்டின் எதுவும் சேர்க்காமலேயே விடிவதற்குள் உறைந்து கட்டியாகும். உறையாமல் தளர்வாக இருந்தால் தலை இன்னும் சிறிது நேரம் வெந்திருக்க வேண்டும் என்று பொருள். சாற்றை மட்டும் மறுபடி அடுப்பில் வைத்து மூன்றில் ஒரு பங்கு வற்றவிட்டு ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள அரைத்த கடுகோ துருவிய குதிரை முள்ளங்கியோ போதும்.